கேம் எழுத ஆள் தேடிய வருஷம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தி. நகரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனி. கீழே பட்டறை, மாடியில் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து ஜவுளிக்கடையின் குடோன் சுவர். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து வந்தவள் நான். அப்போது முப்பது வயது. அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா முந்தின வருஷம்தான் தவறியிருந்தாள். அண்ணன் குடும்பத்தோடு பம்பாயில் இருந்தான். திருச்சி வீட்டைக் காலி செய்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்த பிறகு, பண்டிகைக்குப் போக எனக்கென்று ஓர் ஊர் இல்லாமல் போயிற்று. அந்தத் தீபாவளிக்கு எங்கள் பெண்கள் விடுதியில் மூன்று பேர்தான் மிஞ்சினோம். அதில் ஒருத்தி காய்ச்சலில் படுத்திருந்தாள், இன்னொருத்தி வார்டன்.

முதலாளி தைவானில் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து என் மேஜையில் வைத்தார். டி.வி.யில் இணைத்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி.

"ஸ்டெபிலைசர் இன்னும் எத்தனை நாளைக்கும்மா ஓடும்? இப்ப வர்ற டி.வி.க்குள்ளயே எல்லாத்தையும் வெச்சுடறான். இதோட சிப்பை மட்டும் அங்கேர்ந்து வரவழைச்சு, பெட்டியை நம்ம பட்டறையிலேயே பண்ணிடலாம்" என்றார்.

"இதுக்கு கேம்?"

அதுதான் சிக்கல். கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த கேசட்டுகள் எதுவும் இதில் ஏறாது. இது புது மாதிரி சிப். தைவான்காரர்கள் கூடவே கொடுத்தது இரண்டு கேம்தான். இரண்டிலும் எழுத்தெல்லாம் சீன மொழி.

"நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் படிக்கிறாங்க. வெளியில ஆளைப் புடிம்மா. அவங்க எழுதட்டும். கடைக்குப் பெட்டி போறப்ப கையில ஏழெட்டு கேமாவது இருக்கணும். கேம் இல்லேன்னா இது வெறும் பிளாஸ்டிக்."

அந்த வேலை எனக்கு வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பெட்டியோடு வந்த கனமான புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவள் ஆபீஸிலேயே நான் ஒருத்திதான்.

பெட்டியையும் ஒயர்களையும் ஒரு ரெக்ஸின் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். 12பி பஸ்ஸில் கண்டக்டர் பையை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா அது, டி.வி. பொட்டியா? மடியில வெச்சுக்கோ, கீழ வெச்சா மிதிச்சுட்டுப் பூடுவாங்க" என்றார். அந்த நாட்களில் ஆபீஸுக்கு வெளியே என்னிடம் அக்கறையாகப் பேசிய மனிதர்களைத் தேடிப் பார்த்தால் அந்தக் கண்டக்டர் ஞாபகத்துக்கு வருகிறார்.

அடையாறு, ஆழ்வார்ப்பேட்டை, நுங்கம்பாக்கம் என்று சாஃப்ட்வேர் கம்பெனிகளாக ஏறி இறங்கினேன். வரவேற்பறைகளில் நிறைய நேரம் உட்கார்ந்தேன். ஏ.சி. குளிர் பழக்கமில்லாமல் புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொள்வேன். அடையாறில் ஒரு மேனேஜர் மட்டும் பொறுமையாக முழுவதும் கேட்டார். என் வயதுதான் இருக்கும்.

"எத்தனை பெட்டி வித்திருக்கீங்க மேடம்?"

"இன்னும் கடைக்கே வரலை. கேம் ரெடியானதும் கொண்டுவரோம்."

"வித்தப்புறம் வாங்க. நாலு பேர் வீட்டுல உங்க பெட்டி இருந்தா நானே உங்களைத் தேடி வருவேன். பெட்டியே இல்லாத ஊர்ல யாருக்காக கேம் எழுதச் சொல்றீங்க?"

அன்று மாலையே பாண்டி பஜாரில் ஒரு டி.வி. கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னென்ன கேம் இருக்கு?"

"எழுதிக்கிட்டிருக்காங்க."

"எழுதி முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார், நான் நடுவில் பையோடு நின்றேன். போதாததற்கு அது எல்லோரும் அமெரிக்காக்காரனின் பழைய புரோகிராம்களை இரண்டாயிரமாவது ஆண்டுக்காகச் சரிபார்த்துக்கொண்டிருந்த காலம். புரோகிராம் எழுதத் தெரிந்த ஒருவன் விளையாட்டுப் பெட்டிக்காக உட்கார்ந்தால் அவன் வீட்டில் சிரிப்பார்கள்.

முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓட்டல் ஹால் ஒன்றை எடுத்து எல்லோரையும் கூப்பிடலாம் என்றார். கேம் எழுதுகிறவர்களுக்கு நாங்கள் தருவதாகச் சொன்னது மூன்று விஷயம். கம்ப்யூட்டரோடும் டி.வி.யோடும் இணைத்து கேம் எழுதுவதற்கான சர்க்யூட் போர்டு இலவசம். விற்கிற கேசட் ஒவ்வொன்றிலும் பங்கு. கேசட் அட்டையில் எழுதியவர் பெயர் பெரிதாக வரும். அந்த மூன்றாவதை முதலாளியே சேர்த்தார். "சினிமாவுல டைரக்டர் பேர் வர்ற மாதிரி" என்றார்.

ஆட்கள் வந்தார்கள். டிபன் சாப்பிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிப்பைப் பற்றிப் பேசினேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் ஒருவர் எழுந்து, "உங்க கம்பெனிக்கு அமெரிக்காவுல பிராஞ்ச் இருக்கா?" என்றார். முதலாளி "இனிமேதான்" என்று சிரித்தார். கூட்டம் கலைந்ததும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் ஆறிப்போன காபியைக் குடித்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"நீ நல்லாதான் பேசினேம்மா" என்றார்.

அன்றைக்கு போர்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அந்த போர்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பாலிடெக்னிக் வாத்தியாரை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

"நீங்களாவது சொல்லுங்க சார். பங்கு கம்மியா? டயம் இல்லையா?"

அவர் தயங்கினார். "அதெல்லாம் இல்ல மேடம். லீவு நாள் பூரா உக்காந்தேன். டி.வி. கறுப்பாவே இருக்கு. ஒரு புள்ளிகூட வரமாட்டேங்குது. அப்புறம் மனசு விட்டுப்போச்சு."

நான் அறைக்கு வந்து அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, ஒன்றும் தெரியாதவளாக என்னை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். சீனத்திலிருந்து யாரோ அகராதியைப் பார்த்து ஆங்கிலமாக்கியது. நூறு பக்கம் தாண்டிய பிறகுதான் திரையை எப்படி உயிர்ப்பிப்பது என்று வந்தது. அதுவும் தப்பாக. நாங்கள் பங்கு, பெயர், டிபன் என்று என்னென்னவோ கொடுத்திருந்தோம். வீட்டுக்குப் போய்த் தனியாக உட்காருகிற ஆளுக்கு முதல் நாளே திரையில் ஏதாவது ஒன்று அசைய வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "நான் ஊர் சுத்தறதைக் கொஞ்ச நாள் நிறுத்திக்கறேன் சார். இதைப் புதுசா எழுதறேன்."

"எழுதினா ஆள் வருமா?"

"வருவாங்களான்னு தெரியாது. வந்தவங்க போகமாட்டாங்க."

அவர் சரி என்றார். நான் எளிய ஆங்கிலத்தில் ஒரு மெல்லிய புத்தகம் எழுதினேன். முதல் பக்கத்தில் உள்ளதை அப்படியே அடித்தால் திரையில் ஒரு மஞ்சள் சதுரம் வரும். இரண்டாம் பக்கத்தை அடித்தால் பட்டனை அமுக்குகிற பக்கமெல்லாம் அது நகரும். முதல் தடவை அது நகர்ந்தபோது பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். காட்டுவதற்கு யாருமில்லை. கொஞ்ச நேரம் நானே அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் சென்டர்களிலும் வாடகை நூலகங்களிலும் நோட்டீஸ் ஒட்டினோம். வீட்டிலிருந்தே எழுதலாம், சந்தேகம் வந்தால் ஆள் நேரில் வந்து உதவும் என்று போட்டிருந்தோம். அந்த ஆள் நான்தான். வடபழனியில் சினிமா டைட்டில்களுக்கு கிராஃபிக்ஸ் செய்துகொண்டிருந்த ஒருவர் வந்தார். கோபாலபுரத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் மந்தைவெளியிலிருந்து ஒரு போன் வந்தது.

"நோட்டீஸ் பார்த்தேன். ஆத்துலேர்ந்தே எழுதலாம்னு போட்டிருக்கேளே, நிஜமாவா?"

மறுநாளே போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி போர்ஷன். என்னைவிட இரண்டொரு வயது சின்னவள். கல்யாணத்துக்கு முன் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்திருக்கிறாள். கல்யாணமான சில வாரங்களில் கணவன் அமெரிக்கா போய்விட்டான். இதோ விசா வந்துவிடும் என்று வேலையை விட்டாள். விசா வரவில்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கணவன் விட்டுப்போன கம்ப்யூட்டரும் அவன் அம்மாவும் அவளும்தான் அந்த வீட்டில்.

"வேலைக்குப் போனா, பாதியில விட்டுட்டுப் போகணும். போகாம இருந்தா நாளே நகரமாட்டேங்கறது" என்றாள். புகார் மாதிரி சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள்.

போர்டை இணைத்து முதல் பக்கத்தை அடித்தாள். மஞ்சள் சதுரம் வந்தது. இரண்டாம் பக்கத்தை அடித்தாள், நகர்ந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அன்று காட்டுவதற்கு ஆள் கிடைத்ததுபோல இருந்தது.

ஆனால் டி.வி. ஒன்றுதான். அது மாமியாருடையது. மத்தியானம் முழுக்க அவருக்கு சீரியல். சாயங்காலம் அவர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய் வருகிற நேரத்தில்தான் நாங்கள் கேமைப் போட்டுப் பார்க்க முடியும். அதனால் பகலெல்லாம் அவள் எழுதுவாள். ஆபீஸ் முடிந்ததும் நான் பஸ் பிடித்துப் போவேன். மாமி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவார், நான் ஏறுவேன்.

என்ன கேம் எழுதுவது என்று முதல் வாரம் தெரியவில்லை. சுடுவது, குதிப்பது எல்லாம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது கீழே தண்ணி லாரி வந்தது. அவள் அப்படியே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நானும் ஒரு குடத்தோடு பின்னால் ஓடினேன். யாரோ எங்கள் குடத்தை நகர்த்திவிட்டுத் தங்கள் குடத்தை வைத்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் சண்டை போட்டார். லாரி பாதியிலேயே கிளம்பிவிட்டது. அரைக் குடத்தோடு படி ஏறும்போது அவள் நின்றாள்.

"இதையே எழுதினா என்ன?"

அதையே எழுதினாள். லாரி வரும். கலர் கலராகக் குடங்கள். குழாயடியில் குடம் நிறைவதற்குள் அடுத்ததை நகர்த்த வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது. நடுவில் பக்கத்து வீட்டுக்காரி தன் குடத்தைச் சொருகுவாள். டிரைவர் ஹாரன் அடித்தால் நேரம் முடிந்தது. ஜெயித்தால் அடுத்த தெரு. ஒரு சாயங்காலம் மாமி கோயிலிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். நாங்கள் அணைப்பதற்குள் திரையைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இது, நம்ம தெருவா?"

"ஆமாம்மா. கேம்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "லாரிக்காரன் இவ்வளவு நாழி நிக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அந்த மாதங்களில் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் ஆறு மணிக்கு ஆபீஸைப் பூட்டினால் பனகல் பார்க் பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டு விடுதிக்குப் போவேன். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் எங்கேயோ போகிற ஆள் மாதிரி இருக்கும். இப்போது உண்மையிலேயே போக ஓர் இடம் இருந்தது. நாங்கள் பெரிதாக ஒன்றும் மனம் விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எந்த வேகத்தில் வர வேண்டும், குடம் நிறைகிற சத்தம் எப்படி இருக்க வேண்டும், அதுதான் பேச்சு. ஒரு நாள் மட்டும் அவள், "உங்களுக்கு யாரும் இல்லையா?" என்று கேட்டாள். "அண்ணா இருக்கான்" என்றேன். அவள் தலையசைத்துவிட்டு அடையும் அதற்குத் தொட்டுக்கொள்ள வெல்லமும் எடுத்துவந்தாள்.

விசா வந்த அன்று எப்போதும்போல நான் படியேறிப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே உறவுக்காரர்கள். கூடத்தில் புது சூட்கேஸ். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வந்துடுத்து. அடுத்த வாரம் கிளம்பணும்."

சந்தோஷமாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். அவள் காத்திருந்ததை அருகில் இருந்து பார்த்தவள் நான். ஆனால் அன்று மறுபடியும் பனகல் பார்க் பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் விடுதிக்குப் போனேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆபீஸுக்கே வந்து ஃபிளாப்பிகளைக் கொடுத்தாள். "மூணாவது தெருவுல பக்கத்தாத்துக்காரி சில சமயம் லாரி மேலயே ஏறிடறா. ஏன்னு தெரியலை. நேரமே கிடைக்கலை" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்."

"பேர் போடுவேளா அட்டையில?"

"பெரிசா."

முதலாளி அவளுக்குக் கூல்டிரிங்க் வாங்கிவரச் சொன்னார். அவள் நின்றபடியே பாதி குடித்துவிட்டு, ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மிச்சத்தை நான் முடித்தேன். பட்டறையில் ஒரு பழைய டி.வி.யை வைத்துக்கொண்டு, ஸ்டெபிலைசர் சோதிக்கிற சத்தத்துக்கு நடுவே. பக்கத்து வீட்டுக்காரி லாரி மேல் ஏறுகிற காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரே ஒரு கூட்டல் தப்பு. கண்டுபிடித்ததும் போனை எடுத்து மந்தைவெளி நம்பரைச் சுற்றத் தொடங்கி, பாதியில் வைத்துவிட்டேன். மாமியிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஏழெட்டு கேம் என்று நினைத்தது மூன்றாக முடிந்தது. வடபழனிக்காரர் எழுதிய கார் பந்தயம், கோபாலபுரம் சகோதரர்களின் கிரிக்கெட், அவளுடைய தண்ணி லாரி. பாண்டி பஜார் கடைக்காரர் ஒருவழியாக சம்மதித்தார். அவர் கடை வாசலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியை டி.வி.யில் இணைத்து வைத்தோம். முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பிள்ளைகள் கிரிக்கெட்டைப் போடச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். கேட்டார்கள், ஆடினார்கள், போனார்கள். தண்ணி லாரியைப் போட்டதும் நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கை நிறையக் கட்டைப்பைகளோடு போன பெண்கள் நின்றார்கள். ஒரு அம்மாள் பைகளைத் தரையில் வைத்துவிட்டு, "குடு, நான் பாக்கறேன்" என்று பட்டன் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி குடத்தைச் சொருகியதும், "பாத்தியா அவளை, எங்க தெருவுலயும் ஒருத்தி இப்படித்தான்" என்று கூட வந்த பெண்ணிடம் சொன்னார். நடைபாதையில் பூ விற்றுக்கொண்டிருந்தவள் கூடையை இடுப்பில் வைத்தபடி எட்டிப் பார்த்து, "அந்தப் பச்சைக் கொடத்தை நவுத்துக்கா, ரொம்பிக்கினு கீது" என்று சொல்லிக்கொடுத்தாள். கடை வாசல் அடைத்துப்போய், முன்னால் நிற்பவர்களை நகரச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்க்க வேண்டியவள் உலகத்தின் அந்தப் பக்கம் இருந்தாள். பக்கத்தில் நின்ற யாரிடமாவது 'இதை என் சினேகிதி எழுதினாள்' என்று சொல்ல வாய்வரை வந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கடைக்காரர் பூட்டும்போது சொன்னார், "எல்லாரும் ஆடறாங்க மேடம். வாங்கறவங்கதான் இல்ல. அந்த அம்மாங்க வீட்டுக்குப் போய் சமைக்கணும். அவங்க எங்க இதை வாங்கப்போறாங்க."

அது உண்மையாயிற்று. பெட்டி விற்கவில்லை. வாங்கிய சில வீடுகளிலும் மூன்று கேம் சீக்கிரம் சலித்துப்போனது. புது கேம் கேட்டார்கள். புது கேம் எழுத யாரும் வரவில்லை. அடையாறு மேனேஜருக்கு ஒரு தடவை போன் செய்தேன். அவர் அமெரிக்கா போய்விட்டதாகச் சொன்னார்கள். சில மாதங்கள் கழித்து முதலாளி மிச்சப் பெட்டிகளைப் பட்டறையின் மூலையில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார். என்னைக் கூப்பிட்டு, "உன் மேல தப்பு இல்லம்மா" என்றார். "நமக்கு எழுதினவங்க யாரும் நம்மளைத் திட்டலை. அது போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. வார்டன் அறையில், வார்டன் எதிரிலேயே பேசினேன். கடை வாசலில் பெண்கள் நின்று ஆடியதைச் சொன்னேன். பூக்காரி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன்.

"லைன்ல இருக்கியா?" என்றேன். அன்றுதான் முதல் தடவையாக அவளை ஒருமையில் கூப்பிட்டேன்.

"இருக்கேன். சொல்லு."

"பெட்டி போணியாகலை. நிறுத்திட்டாங்க."

"பரவாயில்லை" என்றாள். பிறகு, "இங்க வெளில எட்டிப் பாத்தா தெருவுல மனுஷாளே இல்லை. இவர் ஆபீஸ் போயிட்டா நான் ஜன்னல்ல நின்னுண்டு இருப்பேன். குழாயைத் திறந்தா எப்பவும் தண்ணி வரது" என்றாள்.

வார்டன் கடிகாரத்தைப் பார்த்தார். போன் கார்டில் காசு தீரப்போகிறது என்று அவள் சொன்னாள். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு குழந்தை உண்டாகியிருப்பதாக மாமியிடமிருந்து தெரிந்தது. அப்புறம் மாமியும் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் போய்விட்டார்.

அடுத்த வருஷம் நானும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். அதே பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டு இலக்கமாக எழுதியிருந்த இடங்களையெல்லாம் தேடி நான்கு இலக்கமாக மாற்றுகிற வேலை. நல்ல சம்பளம், ஏ.சி. ஹால், வரிசை வரிசையாக ஆட்கள். மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள், என்னையும் கூப்பிடுவார்கள். நானும் போவேன். விசா, வீட்டு லோன், பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷன் என்று பேச்சு ஓடும். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். முந்தின வேலை என்ன என்று ஒருவர் ஒரு நாள் கேட்டார். ஸ்டெபிலைசர் கம்பெனி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.